பார்த்தவர் கையெழுத்து

மாடிப்படி ஏறி முடித்து, கதவுக்கு முன்னால் நின்று சாவியைத் தேடும்போதுதான், தன் இடது காலில் செருப்பு இல்லை என்பதை அவள் பார்த்தாள்.

உணரவில்லை, பார்த்தாள். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறுங்காலாக, பகல் முழுக்க வெயில் வாங்கிய சிமெண்டுத் தரையில், ஏதோ கடையில் வைத்த மரக்கால் மாதிரி நின்றுகொண்டிருந்தது. தரை சுடவில்லை. திரும்பிப் படிகளைப் பார்த்தாள். ஒரு படி விட்டு ஒரு படியில் சிவப்பாகப் பாதிப் பாதம் பதிந்திருந்தது. கீழே, தையற்கடை வாசலருகில், செருப்பு குப்புறக் கிடந்தது.

காலைத் தூக்கித் திருப்பினாள். குதிகாலில் பச்சை நிறத்தில் ஒரு பாட்டில் துண்டு நகமளவு ஏறியிருந்தது. பிடித்து இழுத்தாள். பழத்திலிருந்து விதையை எடுப்பதுபோல் வந்துவிட்டது. ரத்தம் வந்தது. வலி வரவில்லை.

"மடங்கின காலோட தூங்கியிருப்போம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்று விடுமுறை. மணி நாலரை. சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் படுத்திருந்தது உண்மை. ஆனால் எழுந்து, படி இறங்கி, தெருமுனைக் கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு நடந்தே திரும்பி வந்தாளே, அதுவரைக்குமா ஒரு கால் தூங்கும்?

உள்ளே போய்க் கதவைச் சாத்தி மேல்தாழ்ப்பாளைப் போட்டாள். அது கொஞ்சம் இறுக்கம், குதிகாலை உயர்த்தி எம்பித்தான் போட வேண்டும். எம்பும்போது இடது கால் ஒத்துழைக்காமல் தடுமாறினாள். அப்போதும் அவளுக்குப் பயம் வரவில்லை. இரண்டு மாதமாக அவளுக்கு எதுவுமே சரியாக வருவதில்லை. பசி வருவதில்லை, அழுகை வருவதில்லை. நல்ல காற்று அடித்தால்கூட அது யாரோ அடுத்த வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி அவளைத் தாண்டிப் போய்விடும்.

ஊரை ஒட்டியிருக்கும் பெரிய காட்டுப் பூங்காவில், நடைபாதைகளின் இருபக்கமும் புல் வெட்டும் குழுவில் அவளுக்குப் பதினொரு வருட வேலை. ஆள் ஒல்லி, வாய் கூர்மை. அதனால் குழுவில் அவள் பெயர் ஊசி. தோளில் மாட்டும் இயந்திரத்தோடு இரண்டு பேர் முன்னால் வெட்டிக்கொண்டு போவார்கள். மீதிப் பேர் பின்னால் புல்லை வாரிக் குவிப்பார்கள். மான் படுத்து எழுந்த புல். மான் இருக்கிற புல்லில் உண்ணியும் இருக்கும். புல்லின் நுனியில் ஏறி உட்கார்ந்து, முன்னங்கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு, வரப்போகும் உடம்புக்காக அது நாள்கணக்கில் காத்திருக்கும். உரசிப் போகிற துணியைப் பற்றிக்கொள்ளும். அவசரமே படாது. மேலே மேலே ஏறி, வெதுவெதுப்பாக, மடிப்பாக, யார் கண்ணும் படாத இடமாகப் பார்த்து அமரும். கடிப்பது தெரியாது. கடிக்கிற இடத்தைத் தன் எச்சிலாலேயே மரத்துப் போகச் செய்துவிட்டுத்தான் அது குடிக்க ஆரம்பிக்கும்.

அதற்காகவே குழுவில் ஒரு வழக்கம். எல்லாரும் வெளிர் நிறத்தில் முழுக்கைச் சட்டை போட வேண்டும். கால்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருக வேண்டும். சாயங்காலம் கொட்டகைக்குத் திரும்பியதும், குழல்விளக்குக்குக் கீழே இரண்டிரண்டு பேராக நிற்க வேண்டும். முன்பக்கத்தை அவரவர் பார்த்துக்கொள்ளலாம். முதுகும் தலையும் பிடரியும் அடுத்தவர் பொறுப்பு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். இருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக, மெதுவாக இழுக்க வேண்டும். முடிந்ததும் சுவரில் தொங்கும் தாளில் இரண்டு கையெழுத்து. ஒரு கட்டத்தில் 'பார்க்கப்பட்டவர்'. பக்கத்துக் கட்டத்தில் 'பார்த்தவர்'.

ஊசிக்கு ஜோடி கொண்டையக்கா. தலையைவிடக் கொண்டை பெரியது என்று சொல்லிச் சொல்லி அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கை நிதானம், வாய் ஓயாது. ஊசியின் தலையில் பார்க்க என்ன இருக்கிறது, எலிவால் மாதிரி ஒரு பின்னல். அதற்கே பத்து நிமிடம் எடுத்துக்கொள்வாள்.

"ரெண்டு கண்ணையும் முன்னாலயே வச்சிட்டான் பாரு கடவுள். ஏன்னு நினைக்கிறே?"

"பின்னால வச்சா உன் கொண்டை மறைக்கும்னு."

"போடி இவளே! பின்னால பார்க்க இன்னொரு ஆள் வேணும்னுதான். தனியாத் திரியாதீங்கடான்னு சொல்லாம சொல்றான்."

"சொல்லாம சொன்னது உனக்கு மட்டும் கேட்டுதாக்கும்?"

"எனக்கு காது கொஞ்சம் பெருசு."

இப்படி ஏழு வருடம். ஏழு வருடமும் தினம் ஒரு முறை ஒருத்தியின் பிடரியில் இன்னொருத்தியின் மூச்சுப் பட்டது. கூடப் பிறந்தவர்கள்கூட அவ்வளவு கிட்டத்தில் நிற்பதில்லை.

இரண்டு மாதத்துக்கு முந்தைய அந்த நாள் ஒரு சாதாரண நாள். ஐந்து பத்துக்கு வரவேண்டிய பேருந்து ஐந்துக்கே வந்து வளைவில் நின்றுவிட்டது. கொட்டகை ஜன்னலில் அது தெரிந்தது. அதை விட்டால் அடுத்தது அரை மணி நேரம் கழித்துத்தான். கொண்டையக்கா அப்போதுதான் கொண்டையை அவிழ்த்து முதுகு நிறையப் பரப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நல்லாப் பாருடி. மத்தியானத்துலேருந்து என்னமோ ஊர்ற மாதிரியே இருக்கு."

ஊசி தன் பத்து விரலையும் அந்த முடிக்குள் விட்டாள். விட்டபடி நின்றாள். கண் ஜன்னலில் இருந்தது. ஓட்டுநர் டீ குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார். விரல்கள் மட்டும் அங்கேயும் இங்கேயும் அலைந்தன, பார்ப்பது போல. ஒரு நிமிடம்கூட இருக்காது.

"ஒண்ணும் இல்லக்கா. உன் பேச்சுத்தான் ஊருது."

கொண்டையக்கா சிரித்தாள். ஊசி கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பேருந்தைப் பிடித்தாள். வீட்டில் அவளுக்காக யாரும் காத்திருக்கவில்லை. அரை மணி நேரம் முன்னால் போய்ச் செய்யவேண்டிய வேலையும் எதுவுமில்லை. வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் கொண்டையக்கா குளியலறையில் விழுந்தாள். நான்காம் நாள் தம்ளர் கையில் நிற்கவில்லை. ஐந்தாம் நாள் தொண்டையில் குழாய் வைத்தார்கள். நரம்பு என்றார்கள், முதுகுத்தண்டு என்றார்கள், என்னென்னவோ படம் எடுத்தார்கள். ஆறாம் நாள் எல்லாம் முடிந்தது. உடம்பை ஒப்படைப்பதற்கு முன் தலையை வாரிவிட்ட நர்ஸ்தான், பிடரிக் குழியில் பட்டாணி அளவுக்கு ஊதியிருந்ததைக் கண்டுபிடித்தாள்.

மருத்துவர் நல்ல மனிதர். கொட்டகைக்கே வந்து எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னார். "ஆயிரத்துல ஒரு உண்ணிக்கு இப்படி விஷம் இருக்கும்மா. முதல்ல கால் மரக்கும். அப்புறம் முழங்கால், இடுப்பு, கை, நாக்கு. கடைசியில மூச்சு. ஆனா அதைப் பிடுங்கிட்டாப் போதும். சில மணி நேரத்துல எல்லாம் தானா திரும்பி வந்துடும். மருந்துகூட வேணாம். யாராவது ஒருத்தர் பார்த்திருந்தாப் போதும்."

மேஸ்திரி தாளைப் புரட்டினார். "கடைசியா யாரு பார்த்தது?"

"நான்தான் மேஸ்திரி. நல்லாப் பார்த்தேன். இல்ல."

"அப்ப வீட்டுக்குப் போற வழியில ஏறியிருக்கும்" என்றார் மேஸ்திரி. எல்லாரும் தலையாட்டினார்கள். அவளை யாரும் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காரியமெல்லாம் முடிந்த பிறகு கொண்டையக்காவின் கணவர் அவளைத் தேடி வந்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தினமும் சொல்லுவாம்மா. ஊசி பார்த்துட்டா டாக்டரே பார்த்த மாதிரின்னு." ஊசி தன் கைகளை அவரிடம் கொடுத்துவிட்டு, அவை யாருடையவோ என்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்துதான் எல்லாம் மரத்தது.

அதற்குப் பிறகு அவள் யாரையும் தன் தலையைத் தொட விடவில்லை. புது ஜோடியாக நாற்றுப் பண்ணையிலிருந்து ஒருத்தியை மாற்றிக்கொண்டு வந்தார்கள். நாற்றுக்காரி என்று கூப்பிட்டார்கள். நல்ல பெண், ஊசியைவிட இரண்டு வயது இளையவள்.

"திரும்புங்கக்கா, தலையைப் பார்க்கறேன்."

"வேணாம். நானே பார்த்துக்குவேன்."

"பின்தலையை நீங்களே எப்படிப் பார்ப்பீங்க? கழட்டி மடியில வச்சுக்கிட்டா?"

ஊசி சிரிக்கவில்லை. நாற்றுக்காரியின் தலையை மட்டும் ஒரு மணி நேரம் பார்ப்பாள். மயிர் மயிராகப் பிரித்துப் பார்ப்பாள். பிறகு, அவள் முகம் கழுவப் போன நேரத்தில், தாளில் இரண்டு கட்டத்திலும் தானே கையெழுத்துப் போடுவாள். ஒன்றை நேராக, ஒன்றைச் சாய்த்து.

வீட்டுக்குள், ரத்தம் வடிந்த காலைக் கழுவித் துணி சுற்றிவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஓர் ஊக்கை எடுத்தாள். பாதத்தில் குத்தினாள். கணுக்காலில் குத்தினாள். ஆடுசதையில். முழங்காலில். ஊக்கு போன இடமெல்லாம் மாவில் போவதுபோல் போனது. முழங்காலுக்கு மேல் ஒரு சாண் தாண்டியதும்தான் சுருக்கென்றது. அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டாள். வலது காலில் குத்திப் பார்த்தாள். அதிலும் முழங்கால் வரை ஒன்றுமில்லை.

கடைசியாகப் பூங்காவுக்குப் போனது முந்தாநாள். அதற்கு முந்தின நாளும் போனாள்.

ஜன்னலுக்கு வெளியே தெரு தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. கீழே தையல் இயந்திரத்தின் சத்தம், ஓடி ஓடி நின்று, நின்று ஓடியது. யாரோ வாளியை இழுத்தார்கள். எதிர்வீட்டு மாடியில் காயப்போட்ட விரிப்பு காற்றில் ஊதி ஊதி அடங்கியது. அதன் நிழல் இவள் அறைக்குள் வந்து, சுவரில் ஏறி, நெஞ்சு ஏறி இறங்குவதுபோல் அசைந்தது. அறையில் பாலிதீன் பையில் வைத்த ரொட்டியின் வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை, மெல்லிசாக, வெட்டி ஒரு நாள் ஆன புல்லின் புளித்த ஈர வாடை. வேலைக்குப் போட்ட துணியை நேற்றே துவைத்தாயிற்று. ஆனாலும் வாடை இருந்தது.

ஐந்து நிமிடம் கழித்துக் கோட்டுக்கு மேலே குத்திப் பார்த்தாள். தெரியவில்லை.

அலமாரிக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, கைக்கண்ணாடியை முகத்துக்கு எதிரே பிடித்தாள். பின்னலைப் பல்லால் கடித்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டாள். இரண்டு கண்ணாடிக்குள்ளும் தன் பின்தலை, தனக்குத் தெரியாத வேறு யாரோ ஒரு பெண்ணின் தலைபோல், தூரத்தில் தெரிந்தது. விரலால் முடியை ஒதுக்கினாள். கைக்கண்ணாடிக்குள் படம் ஆடியது. நின்றது.

இருந்தது.

பிடரிக் குழியில், முடி தொடங்குகிற கோட்டுக்கு ஒரு விரல் மேலே. சாம்பல் நிறம். இறுகிய, பளபளக்கும் சின்ன மணி. அது அசையவில்லை. அவள் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்துக்கு அது மட்டும் நிதானமாக இருந்தது. குடித்துக்கொண்டிருந்தது.

"ஆண்டவனே" என்றாள். நாக்கு தடித்திருந்தது.

வேலைப் பையிலிருந்து இடுக்கியை எடுத்தாள். எடுத்ததாக நினைத்தாள். குனிந்து பார்த்தபோது கையில் ஒன்றுமில்லை, இடுக்கி தரையில் கிடந்தது. மறுபடி எடுத்தாள், கண்ணால் பார்த்துப் பார்த்து, விரலை விரலோடு சேர்த்து. பிடரிக்குக் கொண்டுபோனதும் கண் போய்விட்டது. கண் போனதும் விரலும் போய்விட்டது. முடியைப் பிடித்தாளா, தோலைப் பிடித்தாளா, காற்றைப் பிடித்தாளா, தெரியவில்லை. இடுக்கியைப் போட்டுவிட்டு விரலாலேயே தடவினாள். பத்து விரலையும் தன் முடிக்குள் விட்டு அலைந்தாள். விரல் நுனிகளில் ஒன்றும் படவில்லை. எங்கும் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. கைக்கண்ணாடி நழுவி விழுந்து, உடையாமல், கட்டிலுக்கடியில் சறுக்கிக்கொண்டு போய்விட்டது.

கதவு தட்டும் சத்தம்.

"ஏம்மா, படியெல்லாம் ரத்தமா இருக்கே, உன் கால்ல என்ன?" கீழ்வீட்டுத் தையற்காரரின் மனைவி. படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது.

"கண்ணாடி... குத்திடுச்சு."

"ஐயோ. ஆழமா? கதவைத் திற, மருந்து வச்சிக் கட்டி விடறேன். என் வீட்டுக்காரர் ஊசி குத்திக்காத நாளே கிடையாது, எனக்கு இது பழகின வேலை."

அவள் கதவுக்கு நாலடி தூரத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாழ்ப்பாளைத் திறந்து, 'என் தலையைக் கொஞ்சம் பாருங்க' என்று சொன்னால் போதும். அந்த அம்மாள் அசிங்கம் பார்க்கிறவள் இல்லை. ஒரு நொடியில் எடுத்து எறிந்துவிடுவாள். ஆனால் இன்னொரு பெண்ணின் விரல் தன் முடிக்குள் நுழைவதை நினைத்ததும், ஊசிக்கு அந்த ஜன்னலும் அந்தப் பேருந்தும் தெரிந்தன. தனக்கு மட்டும் ஒருத்தி வந்து பார்ப்பதா? எந்த முகத்தோடு தலையைக் குனிந்து கொடுப்பது? மனிதர்கள் தங்களுக்குக் கொடுத்துக்கொள்ளும் தண்டனையில் கடவுளுக்குச் சம்மதம் இருப்பதில்லை. அதை அந்த நேரத்தில் அவளுக்கு எடுத்துச் சொல்ல யாரும் இல்லை.

"வேணாங்க. ஒண்ணும் இல்ல."

"சரி. படியை நான் துடைச்சிடறேன். நீ அதுக்காக இறங்கி வராதே. காலை நீட்டிப் படு."

படியில் இறங்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்தது. அது முழுதாக அடங்கிய பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக, ஏதோ ஒன்று முழுதாக வந்தது. 'அம்மா' என்று கூப்பிட வாயைத் திறந்தாள். கொழகொழவென்று ஒரு சத்தம்தான் வந்தது. கதவை நோக்கி ஓரடி வைத்தாள். கால் அங்கே இல்லை.

விழுந்தது வலிக்கவில்லை. அதுதான் அழுகையை வரவழைத்தது.

முழங்கையால் ஊர்ந்து, கட்டில் சட்டத்தைப் பிடித்து, உடம்பை ஒரு மூட்டையை ஏற்றுவதுபோல் ஏற்றினாள். குப்புறத்தான் விழ முடிந்தது. ஒரு கன்னம் தலையணை மேல் விரித்திருந்த வெள்ளைத் துண்டில். முகம் சுவர்ப்பக்கம். கைபேசி தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. விரல் வேலை செய்யவில்லை. விரல்முட்டியால் தட்டித் தட்டி, கடைசியாகப் பேசிய எண்ணை அழுத்தினாள்.

"சொல்லுங்கக்கா! என்ன அதிசயமா லீவு நாள்ல?" நாற்றுக்காரி. பின்னால் ஏதோ கடைச் சந்தடி.

"தலை... தலையப் பாரு..."

"என்னக்கா வாய் குழறுது? விருந்து பலமோ?" சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அக்கா. கால் வருதா உங்களுக்கு?"

"இல்ல."

"அசையாதீங்க. நான் கிளம்பிட்டேன். ஆம்புலன்ஸுக்கும் போன் பண்றேன். அரை மணி நேரம்க்கா, அரை மணி நேரத்துல வந்து எடுத்துடறேன். கேக்குதா? உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

கேட்டது. அந்தக் குரல் நெஞ்சுக்குள் எங்கேயோ போய்ப் படிந்தது. வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். கால் திரும்பி வந்ததும், முதல் வேலையாக. இவளிடம், மேஸ்திரியிடம், பிறகு கொண்டையக்காவின் கணவர் வீட்டுக்கே போய், கையைப் பிடித்துக்கொண்டு, 'நான் பார்க்கலை' என்று. அது எவ்வளவு சுலபமாக இருந்தது! இரண்டே வார்த்தை. பிழைத்தால் போதும், சொல்லிவிடலாம்.

பிறகுதான் தாழ்ப்பாள் நினைவுக்கு வந்தது.

சாயங்கால வெயில் சுவரில் மஞ்சளாக, பிறகு செம்மையாக ஏறியது. தையல் இயந்திரம் நின்றுபோனது. எதிர்வீட்டு விரிப்பை எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது, சுவரில் நிழல் இல்லை. மூச்சை ஒவ்வொன்றாக, கிணற்றிலிருந்து தண்ணீர் இழுப்பதுபோல் இழுத்தாள். இழுக்க இழுக்கக் கயிறு நீண்டது.

கழுத்துக்கு மேலே மட்டும்தான் இப்போது அவள் மிச்சம்.

கட்டில் ஒரு பக்கமாக அமுங்கியது.

யாரோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். வந்துவிட்டாள். எப்படித் திறந்தாளோ, தையற்காரர் கதவைப் பெயர்த்திருப்பாரோ. சத்தம் கேட்கவில்லையே. தலையைத் திருப்ப முடியவில்லை. கண்ணை எவ்வளவு சுழற்றினாலும் சுவரும் துண்டும்தான். ஈரப்புல் வாடை அறை நிறைய இருந்தது.

பின்னல் அவிழ்ந்தது. மெதுவாக, இழுபடாமல், ஒவ்வொரு புரியாக.

விரல்கள் முன்நெற்றியில் தொடங்கின. முடியைக் கோடு கிழித்ததுபோல் பிரித்தன. நின்றன. பார்த்தன. அடுத்த கோடு. குளிர்ந்த விரல்கள்.

'பின்னால' என்று சொல்ல நினைத்தாள். 'பிடரியில பாரு. நேரா அங்க போ.' நாக்கு வாய்க்குள் ஈரத்துணிபோல் கிடந்தது.

நெற்றிக்கு மேலே சுருக்கென்று ஓர் இழுப்பு. நேராக. திருகாமல். ஒரு கை அவள் தலைக்கு மேலாக வந்து, துண்டின் மேல், கண்ணுக்கு நேரே, எதையோ வைத்தது.

உண்ணி. சாம்பல் நிறம். கால்கள் அசைந்தன.

அங்கே அது இல்லையே. அவள் பார்த்தது பிடரியில் அல்லவா?

அடுத்த கோடு. இன்னோர் இழுப்பு. இன்னொன்று. முதலாவதன் பக்கத்தில், இடைவெளி விட்டு, ஒழுங்காக.

அடுத்தது.

அடுத்தது.

அந்தக் கையை இப்போது பார்த்தாள். புறங்கையில் வெள்ளைப் பிளாஸ்திரி. அதன் கீழே, ஊசி இறங்கிய இடத்தில், நீலமாகக் கன்றியிருந்தது. ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி. நகங்கள் வெளுத்திருந்தன. நகக்கண்ணில் பச்சை.

கதவு தடதடவென்று அதிர்ந்தது.

"அக்கா! நான்தான்க்கா, வந்துட்டேன்! உள்ளே தாழ் போட்டிருக்கு! அம்மா, கடப்பாரை இருக்கா உங்ககிட்ட? சீக்கிரம்!" நாற்றுக்காரியின் குரல். கதவுக்கு வெளியே. தையற்காரர் மனைவியின் குரல். படியில் பல கால்கள்.

கை நின்றது. கேட்பதுபோல் ஒரு நொடி. பிறகு அவள் நெற்றியை ஒரு முறை, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தடவுவதுபோல், தடவியது. மறுபடி முடியைப் பிரித்தது.

அதில் கோபம் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. அவசரமும் இல்லை, ஏழு வருடமாக அவளுக்குத் தெரிந்த அதே நிதானம். நேரம் முழுவதும் தன்னுடையதாக வைத்திருக்கும் ஒருத்தியின் கை. ஒரு மயிரைக்கூட விடாமல், ஒரு கோட்டைக்கூடத் தாண்டாமல், நன்றாக, நேர்மையாகப் பார்க்கும் கை.

இழுப்பு. வைப்பு.

மூச்சு பாதி வந்தது. மீதி வரவில்லை.

கதவில் இரும்பு மோதியது. மரம் விரிசல் விட்டது. பலகை பலமான பலகை.

'பிடரி.' கண்ணால் சொன்னாள். 'பிடரி. பிடரி.'

துண்டில் வெள்ளை தெரியவில்லை. சாம்பல் மணிகள், வரிசை வரிசையாக, கால்களை ஆட்டிக்கொண்டு. இடம் தீர்ந்துபோனது. கை அடுத்ததை அவள் கன்னத்தில் வைத்தது. அதற்கடுத்ததை மூக்கின் மேல். அதற்கடுத்ததை, மூட முடியாமல் திறந்திருந்த கண்ணுக்கு அடியில்.

விரல்கள் இன்னும் உச்சியைக்கூடத் தாண்டவில்லை.